சிறிய சுவிச்சும் எமது பெரிய அலட்சியமும்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் வாழ்வு சக்கரங்களின் மேல் ஓடும் வாழ்வாகிவிட்டது. நள்ளிரவில் முடியும் தொழிற்சாலை வேலைக்கும், விடியுமுன் தொடங்கும் துப்புரவு வேலைக்கும், வார இறுதியில் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் நடக்கும் உறவினர் கொண்டாட்டங்களுக்கும் கார் இன்றி அசைய முடியாது. அந்தக் கார் பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவது கையாக எம்மிடம் வந்து சேர்ந்ததாகவே இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், பழைய காரொன்று எம்மிடம் ஏதேனும் சொல்ல முற்படும்போது அதைக் காதில் வாங்கிக்கொள்ளாத வழக்கமொன்று எம்மவரிடையே ஊறிப்போயிருக்கிறது. அதைப் பற்றியே இன்று எழுத வேண்டியவர்களாக இருக்கிறோம்.

எமக்கு நன்கு தெரிந்த குடும்பமொன்று கடந்த ஆண்டு ஸ்காபரோவிலிருந்து மொன்றியலுக்கு ஒரு சாமத்தியச் சடங்குக்காகப் புறப்பட்டது. ஏறக்குறைய 540 கிலோமீற்றர். அதில் பெரும்பகுதி 401 ஆம் இலக்க நெடுஞ்சாலை. காரில் தந்தை, தாய், இரு பிள்ளைகள், பின் இருக்கையில் அம்மம்மா. அந்தக் காரில், வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் 'குறூஸ் கொன்ரோல்' இரண்டு மாதங்களாக ஒழுங்காக வேலை செய்யவில்லை. பொத்தானை அழுத்தினால் முகப்பில் சிறு விளக்கு எரியும், வேகம் பிடிக்காது. சிலவேளை பிடிக்கும், பாலமொன்றின் மேட்டில் கார் குலுங்கியதும் விட்டுவிடும். தெரிந்த கராஜ் ஒன்றில் இதைச் சொன்னபோது, "குறூஸ் இல்லாட்டிக் கார் ஓடாதோ அண்ணை?" என்று சிரித்திருக்கிறார்கள். இவர் வற்புறுத்தவே, ஸ்ரியறிங்கில் உள்ள பொத்தான் தொகுதியை மாற்றி 380 டொலர் வாங்கினார்கள். குறை தீரவில்லை. அவரும் அதை அப்படியே விட்டுவிட்டார்.

கிங்ஸ்ரன் நகரைத் தாண்டியபின், பின்னால் வந்த பாரவூர்தி ஒன்று நீண்ட நேரம் ஹோர்ன் அடித்தது. "ஏனப்பா பின்னால வாறவன் இப்பிடி அடிக்கிறான்?" என்று மனைவி கேட்டதற்கு, "அவனுக்கு அவசரம்" என்பதே பதிலாக இருந்தது. அரைமணி நேரத்தின் பின் முன்னால் வாகனங்கள் தேங்கின. இவர் பிறேக்கை மிதித்தார். பின்னால் வந்த கார் கடைசிக் கணத்தில் தெருவோரச் சரளையில் இறங்கி, இவர்களைத் தாண்டிப்போய் நின்றது. அந்தச் சாரதி விலகியிராவிட்டால், அம்மம்மா இருந்த இருக்கையே முதலில் நொறுங்கியிருக்கும். மாகாணப் பொலிஸார் வந்து பார்த்தபோதுதான், காரின் பின்புறத்தில் ஒரு பிறேக் விளக்குத்தானும் எரியவில்லை என்பது தெரியவந்தது. மூன்றும் இருண்டு கிடந்தன. ஆனால் மூன்று பல்புகளும் நல்ல நிலையிலேயே இருந்தன.

பழுது இருந்த இடம் வேறு. பிறேக் மிதியின் தண்டு மேலே சென்று மறையும் இடத்தில், முகப்புப் பலகையின் அடியில், கட்டைவிரல் அளவான பிளாஸ்ரிக் சுவிச் ஒன்று இருக்கிறது. அதன் உள்ளே செம்புத் தொடுகைகள் தேய்ந்து கருகியிருந்தன. இரண்டு மாதங்களாகக் குறூஸ் கொன்ரோல் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

குறூஸ் கொன்ரோல் என்பது வசதி படைத்தோரின் விளையாட்டுப்பொருள், அது கெட்டால் கெட்டுப்போகட்டும் என்று எண்ணுவோர்க்கு, அதற்கும் பிறேக் விளக்குக்கும் உள்ள உறவை விளக்கிச் சொல்வது அவசியமாகிறது. காரை ஒரே வேகத்தில் ஓட்டும் பொறுப்பை ஒரு கருவியிடம் ஒப்படைக்கும்போது, சாரதி பிறேக்கைத் தொட்ட மறுகணமே அந்தக் கருவி தன் பிடியை விட்டுவிட வேண்டும். பிறேக்கைத் தொட்டார் என்று அதற்கு யார் சொல்வது? மிதியின் மேலுள்ள அதே சுவிச்தான். பெரும்பாலான கார்களில் அந்தச் சுவிச்சின் உள்ளே இரண்டு தொடுகைகள் இருக்கின்றன. மிதிக்காதபோது ஒன்று திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். மிதித்ததும் நிலை மாறும். திறந்திருந்தது மூடிப் பின் விளக்குகளுக்கு மின்சாரத்தை அனுப்பும். மூடியிருந்தது திறந்து குறூஸ் கொன்ரோலை அறுத்துவிடும்.

காரில் உள்ள கணினி இவ்விரண்டையும் எப்போதும் கவனித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு சாட்சிகளும் எக்காலத்தும் எதிர்மாறாகவே சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. அகதி விசாரணையில் அமர்ந்து எழுந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். அங்கே இரண்டு வாக்குமூலங்கள் முரண்பட்டால் வழக்குத் தோற்கும். இங்கே இரண்டும் ஒன்றையே சொன்னால்தான் சந்தேகம் பிறக்கிறது. சந்தேகம் வந்ததும் கணினி செய்யும் முதற்காரியம், குறூஸ் கொன்ரோலை இயங்கவிடாமல் தடுப்பது. சாரதி பிறேக் மிதித்ததை நம்பத்தகுந்த முறையில் அறிய முடியாத நிலையில் வேகத்தைத் தன் கையில் எடுக்க அது மறுக்கிறது. ஆகவே குறூஸ் பிடிக்காமற் போவது பலவேளைகளில் பழுதன்று; பழுதைக் கண்டுகொண்ட கருவியின் எச்சரிக்கை. அதைக் கேட்டுச் சிரிப்பது, வாசலில் குரைக்கும் நாயைக் கல்லெறிந்து துரத்திவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவைப்பது போன்றதாகும்.

இன்னும் பழைய கார்கள் சிலவற்றில் இந்த உறவு மேலும் நெருக்கமானது. அவற்றின் குறூஸ் கருவி, பிறேக் விளக்குப் பல்புகளின் இழையினூடாகவே தனக்கு வேண்டிய 'ஏர்த்' இணைப்பைத் தேடும். பல்புகள் அனைத்தும் எரிந்துபோயிருந்தால், அல்லது யாரோ சொன்னதைக் கேட்டுச் சாதாரண பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தியிருந்தால், குறூஸ் இயங்காது. அழகுக்காக விளக்கை மாற்றிய இளைஞர்கள் பின்னர் குறூஸ் கெட்டுவிட்டதென்று கராஜ் கராஜாக அலைவதை நாம் கண்டிருக்கிறோம்.

இக்கருவியைக் கண்டுபிடித்தவர் கண்பார்வை இல்லாதவர் என்பதை இவ்விடத்தில் குறிப்பிடலாம். அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்தவரான ரால்ப் ரீற்றர் ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். பொறியியலாளராகிப் பெரும் தொழிற்சாலையை நடத்திய அவருக்கு 1950 இல் இதற்கான காப்புரிமை கிடைத்தது. 1958 இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் இதனை முதன்முதலாக அறிமுகம் செய்தது. தன் சட்டத்தரணி பேசும்போது காரை மெதுவாக்கியும் பேச்சை நிறுத்தியதும் வேகமாக்கியும் ஓட்டிய குலுக்கல் பொறுக்காமலே அவர் இதில் இறங்கினார் என்று சொல்லப்படுவதுண்டு. காரின் அசைவைக் கண்ணால் அன்றி உடம்பால் உணர்ந்த ஒருவர் தந்த கருவி இது. கண்ணுள்ள நாம் அது உணர்த்துவதைக் கவனியாதிருக்கிறோம்.

இந்தச் சுவிச் கெடுவதற்கு முன் காட்டும் அறிகுறிகள் ஒன்றிரண்டல்ல. குறூஸ் பிடிக்காமை முதலாவது. மேடு பள்ளத்தில் தானாக விட்டுவிடுவது அடுத்தது. தானியங்கிக் கியர் உள்ள காரில், பிறேக்கை மிதித்தும் கியர்த் தண்டு தரிப்பு நிலையிலிருந்து அசைய மறுக்கும். ஏனெனில் அந்தப் பூட்டைத் திறக்கும் சமிக்ஞையும் இதே சுவிச்சிலிருந்தே போகிறது. பொத்தான் அழுத்தித் தொடக்கும் புதிய கார்களில் இயந்திரம் தொடங்காது. சில கார்களில் வழுக்கலைத் தடுக்கும் முறைமையின் எச்சரிக்கை விளக்கும் எரியத் தொடங்கும். இவை தனித்தனி நோய்கள்போலத் தோன்றுவதால், கியர்ப் பெட்டிக்கு ஒரு செலவு, ஸ்ராற்றருக்கு ஒரு செலவு என்று பணம் கரைகிறது.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. அதை எம்மவர் பலர் அனுபவித்திருப்பார்கள், காரணத்தை அறிந்திருக்கமாட்டார்கள். பிறேக் மிதியின் தண்டில் சுவிச்சின் முனை வந்து முட்டும் இடத்தில் சிறிய துளையொன்றும், அதை அடைக்கும் மென்மையான பிளாஸ்ரிக் அல்லது றப்பர்க் குமிழும் உண்டு. ஹொண்டா, ஹியுண்டாய் போன்ற கார்களில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்ததும் அந்தக் குமிழ் காய்ந்து உதிர்ந்துவிடுவது சாதாரணம். அது உதிர்ந்ததும் சுவிச்சின் முனை துளைக்குள் புகுந்துகொள்ளும். சாரதி எப்போதும் பிறேக்கை மிதித்திருப்பதாகவே கார் எண்ணிக்கொள்ளும். குறூஸ் பிடிக்காது, பின் விளக்குகள் இரவு முழுவதும் எரியும், காலையில் பற்றரி செத்துக் கிடக்கும். களஞ்சியசாலையில் இரவு வேலை செய்யும் அன்பரொருவர் இதே காரணத்தால் ஒரே பனிக்காலத்தில் இரண்டு பற்றரிகளும் ஓர் ஓல்ரனேற்றரும் மாற்றினார். அவருடைய கால்மிதிவிரிப்பின் மேல் நொறுங்கிய பிளாஸ்ரிக் துண்டுகள் எல்லாக் காலமும் கிடந்திருக்கின்றன. பிள்ளைகள் தின்ற இனிப்பின் மிச்சம் என்று அவர் எண்ணியிருந்தாராம். அந்தக் குமிழின் விலை சில டொலர்கள் மட்டுமே.

எனவே குறூஸ் கொன்ரோல் பிடிக்கவில்லை என்றால் முதலில் போக வேண்டிய இடம் கராஜ் அன்று, காரின் பின்புறம். ஒருவர் மிதிக்க மற்றவர் பின்னால் நின்று பார்த்தால் போதும். துணைக்கு எவருமில்லாத தனியர்கள் இரவில் சுவரொன்றுக்கோ கடைக் கண்ணாடிக்கோ அருகே காரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தி, மிதித்துப் பார்க்கலாம். இடப்பக்கம், வலப்பக்கம், மேலே நடுவில் என மூன்று சிவப்பு ஒளிகள் தெரிய வேண்டும். நடுவிளக்கு அமெரிக்காவில் 1986 மாதிரி ஆண்டிலிருந்து கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஒன்று மட்டும் எரியவில்லையானால் பல்பைப் பாருங்கள். மூன்றும் எரியவில்லையானால் பியூஸையும் சுவிச்சையும் சந்தேகியுங்கள். மிதிக்காமலே மூன்றும் எரிந்தால், காலணியின் நுனியால் மிதியை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். அணைந்துவிட்டால், குமிழ் உதிர்ந்திருக்கிறது அல்லது சுவிச் தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். மிதியை விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பதும் நன்று. சிறிய அசைவிலேயே விளக்கு எரிய வேண்டும். பாதித் தூரம் போனபின் எரிந்தால், சுவிச்சின் இருப்பைச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம்.

இதுவரை ஆயுதமெதுவும் தேவைப்படவில்லை. கைவேலை தெரிந்தவர்கள் இதற்கு மேலும் செல்லலாம். சுவிச்சுக்கு வரும் கம்பிகளில் ஒன்றில் எப்போதும் ஏறக்குறைய 12 வோல்ற் இருக்கும். மிதிக்கும்போது மட்டும் அதே அழுத்தம் விளக்குக்குப் போகும் கம்பியிலும் தோன்ற வேண்டும். தோன்றவில்லையானால், அல்லது 7, 8 வோல்ற் என்று குறைந்து தோன்றினால், உட்தொடுகை தேய்ந்துவிட்டது. இணைப்பைக் கழற்றி, மீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு சோடி முனைகள் மிதிக்கும்போது மூடுகின்றனவா, மறுசோடி திறக்கின்றனவா என்று பார்ப்பது இன்னும் தெளிவானது. பார்க்கும்போது சுவிச்சை இலேசாக ஆட்டியும் பாருங்கள். ஆட்டும்போது மட்டும் விட்டுப்போகும் தொடுகையே மேடு பள்ளத்தில் குறூஸைக் கைவிடுவது. ஆனால், ஸ்ரியறிங் தண்டைச் சுற்றிச் செல்லும் மஞ்சள் நிறக் கம்பிகளில் எவரும் கைவைக்க வேண்டாம். அவை காற்றுப்பைக்குரியவை, தவறாகத் தொட்டால் முகத்தில் வெடிக்கக்கூடியவை.

1996 மாதிரி ஆண்டிலிருந்து அமெரிக்காவிலும், அதனைத் தொடர்ந்து கனடாவிலும் விற்கப்பட்ட கார்களில், முகப்பின் அடியில் கணினியை வாசிக்கும் இணைப்பொன்று இருக்கிறது. பி-0571, பி-0504, பி-0703 ஆகிய குறியீடுகளில் ஏதேனும் அதிற் பதிவாகியிருந்தால் பிறேக் சுவிச்சின் சுற்றில் குறையுண்டு என்பது பொருள். இரு சாட்சிகளும் ஒத்துவரவில்லை என்பதைச் சொல்லும் குறியீடு இவற்றுள் பி-0504. பல கார்களில் இக்குறியீடு பதிவாகும்போது முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதை வைத்துப் பழுதில்லை என்று சொல்லும் மெக்கானிக்கின் சொல்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

குறூஸ் கெட்டால் எப்போதும் பிறேக் சுவிச்தான் காரணம் என்று நாம் வாதிடவில்லை. கையால் கியர் மாற்றும் கார்களில் கிளச் மிதியிலும் இத்தகைய சுவிச் உண்டு. ஹோர்ன் ஒலிக்காமலும் காற்றுப்பை விளக்கு எரிந்தும் இருந்தால் ஸ்ரியறிங்கின் உள்ளே சுருண்டிருக்கும் நாடாக்கம்பி அறுந்திருக்கலாம். வேகமானியே ஆடினால் வேகத்தை அளக்கும் உணரி கெட்டிருக்கலாம். எனினும் இவற்றுள் உயிரோடு விளையாடுவதும், மிக மலிவாகச் சோதிக்கக்கூடியதும் பிறேக் சுவிச் ஒன்றே. அதனாற்றான் அதை முதலில் பாருங்கள் என்கிறோம்.

இனி, எம்மவர் சிலருக்குக் கசக்கக்கூடிய ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். பொருளாதாரத் தடை நிலவிய 1990 களில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். உதிரிப்பாகம் எதுவும் வராத நாட்டில், தகரத்தையும் கம்பியையும் கொண்டு எமது மெக்கானிக்குகள் காட்டிய திறமை என்றைக்கும் போற்றத்தக்கது. அந்தக் கைகள்தான் இன்று இங்குள்ள கராஜ்கள் சிலவற்றிலும் வேலை செய்கின்றன. ஆனால், இல்லாமையில் பிறந்த அந்தச் சூட்சுமம், சில்லறை விலைக்குப் பாகம் கிடைக்கும் நாட்டிலும் தொடர்வதை நாம் ஏற்க இயலாது. குறூஸ் பிடிக்கவில்லையா, சுவிச்சின் இரண்டு முனைகளையும் சிறு கம்பித்துண்டால் இணைத்துவிட்டால் போதும் என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். குறூஸ் பிடிக்கும், உண்மைதான். இரண்டு சாட்சிகளில் ஒருவரின் வாயைக் கட்டிவிட்டு மற்றவரை மட்டும் நம்பும் ஏற்பாடு அது. மற்றவரும் பொய்த்துவிட்ட நாளில், சாரதி பிறேக்கை மிதிக்க, கருவியோ வேகத்தை விடாது பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி நேர்ந்தால், பிறேக்கைத் தளர்த்தாமல் முழுப்பலத்தோடு மிதித்தபடி கியரை நடுநிலைக்குத் தள்ளி, குறூஸின் பிரதான பொத்தானை அணைக்க வேண்டும் என்பதைக் கார் ஓட்டும் ஒவ்வொருவரும் மனதில் இருத்திக்கொள்வது நல்லது.

ஒரு சுவிச்சுக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்போர்க்குப் பெரிய நிறுவனங்களின் கதையைச் சொல்லலாம். போர்ட் நிறுவனம் பல ஆண்டுகளாகத் தன் வாகனங்களில், குறூஸை அறுப்பதற்கென ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் தயாரித்த தனிச் சுவிச் ஒன்றைப் பொருத்தியிருந்தது. அது மிதியில் அன்றி, பிறேக் எண்ணெய் அழுத்தம் உள்ள பகுதியிலேயே பூட்டப்பட்டது. எண்ணெயையும் மின்சாரத்தையும் பிரித்து நின்றது மெல்லிய படலம் ஒன்றே. அது வெடித்து எண்ணெய் கசிந்து தொடுகைகளை அரித்தது. திறப்பை எடுத்த பின்னும் அந்தச் சுற்றில் மின்சாரம் இருந்தமையால், அணைத்து நிறுத்திய வாகனங்கள் நள்ளிரவில் தாமாகத் தீப்பற்றின. அவை நின்ற வீடுகளும் சில எரிந்தன. 1999 இல் சில இலட்சம் கார்களுடன் தொடங்கிய திரும்ப அழைத்தல் 2009 ஒக்ரோபரில் முடிவுற்றபோது எண்ணிக்கை 1 கோடியே 40 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒன்ராறியோவின் ஒக்விலில் தயாராகி, எம்மவரின் பெரிய குடும்பங்களைச் சுமந்து திரிந்த வின்ட்ஸ்ரார் வான்களும் 2009 ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தன.

2013 ஏப்ரலில் ஹியுண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் 16 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களைத் திரும்ப அழைத்தன. காரணம் வேறொன்றுமில்லை, மிதியின் மேலுள்ள இதே சுவிச்தான். விளக்கு எரியாது போகலாம், குறூஸ் விடாது போகலாம் என்றே அறிவித்தார்கள். 2014 மே மாதத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் ஏறக்குறைய 24 இலட்சம் வாகனங்களை அழைத்தது. செவ்ரோலே மலிபு, பொன்ரியாக் ஜி-6, சற்றேன் ஓரா ஆகியன அவை. இங்கு சுவிச் நல்லது. அதன் செய்தியைப் பெறும் கணினியின் இணைப்பு அரித்துப்போயிருந்தது. மிதித்தும் விளக்கு எரியாமை, மிதிக்காமலே எரிதல், குறூஸ் இயங்காமை என்று விளைவுகள் அதேதான். சுவிச்சை மாற்றியும் தீராத பழுது சிலருக்கு இருந்ததன் காரணம் இதுவாக இருக்கலாம்.

திரும்ப அழைத்தல் என்பது எம்மவர் பலருக்கு எட்டாமலே போய்விடும் உரிமையாகும். கடிதம் முதல் உரிமையாளருக்குப் போகிறது. அல்லது நாம் மூன்று வீடு மாறிய பின், பழைய நிலவறை முகவரிக்குப் போகிறது. வந்து சேர்ந்தாலும், எமது பெயரைக் கடித்துக் குதறி அச்சிட்டிருப்பதைக் கண்டு விளம்பரக் கடதாசி என்று குப்பையில் போடுகிறோம். குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வரும் உறையை மட்டும் நடுங்கும் கையோடு பிரிக்கும் வாழ்க்கையில் இது இயல்பே. ஆயினும், முன்கண்ணாடியின் சாரதிப் பக்கக் கீழ்மூலையில் தெரியும் 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட வாகன அடையாளத் தொடரை எழுதிக்கொண்டு அந்த உற்பத்தியாளரின் முகவர் நிலையத்தைத் தொலைபேசியில் கேட்டால், செய்யப்படாத திருத்தம் உண்டா என்று சொல்லிவிடுவார்கள். அத்திருத்தம் கட்டணமின்றிச் செய்யப்படுவதே வழமை. மிகப் பழைய வாகனங்களுக்கு மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அமெரிக்கச் சட்டம் முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகளையே எல்லையாக வைத்திருக்கிறது. கார் எத்தனையாவது கை, வைத்திருப்பவர் குடியுரிமையாளரா அகதி விண்ணப்பதாரியா என்பவை அங்கு பொருட்டல்ல.

கராஜ்களைப் பற்றியும் சில சொற்கள். எமது சமூகத்தில் நேர்மையான கராஜ்காரர்கள் ஏராளம். அவர்கள் இதைப் படித்து மனம் வருந்த மாட்டார்கள் என்று நம்புகிறோம். பிரச்சினை, சோதிக்காமல் பாகம் மாற்றும் வழக்கம்தான். ஊகித்து ஒன்றை மாற்றுவது, சரிவராவிட்டால் இன்னொன்றை மாற்றுவது, இரண்டுக்கும் வாடிக்கையாளரிடமே பணம் பெறுவது. ஒன்ராறியோவில் 2002 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாகனத் திருத்தத்துக்கென்றே தனிப்பகுதியை ஒதுக்கியது. எழுத்தில் மதிப்பீடு, அதற்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாக அறவிடாமை, கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கொடுத்தல், புதிய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் ஆகியன அதில் உள்ளன. முகத்தாட்சணியத்துக்காக இவற்றை எவரும் கேட்பதில்லை. ஊர்க்காரர், கோயிலில் காண்பவர், எப்படிக் கேட்பது என்று தயங்குகிறோம். "எந்தச் சோதனையைச் செய்து இந்தப் பாகம் கெட்டது என்று கண்டீர்கள்?" என்ற ஒரு கேள்வி எவரையும் அவமதிப்பதாகாது. மீற்றரில் இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் அந்த 380 டொலரும் மிஞ்சியிருக்கும். கிங்ஸ்ரனுக்கு அப்பால் நடந்ததும் நடந்திருக்காது.

பொலிஸார் மறித்த அந்த அரைமணி நேரத்தைப் பற்றி அக்குடும்பத் தலைவர் பின்னர் எம்மிடம் கூறியது மனதை உறுத்துகிறது. விபத்து மயிரிழையில் தப்பியதை விட, சிவப்பும் நீலமும் சுழலும் விளக்குகளையே அவர் அதிகம் அஞ்சினார். அவருடைய மைத்துனரின் அகதி வழக்கு அப்போது முடிவுறாதிருந்தது. அதற்கு ஏதும் கேடு வந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டதாம். விளக்கு எரியாமைக்கு எழுதப்படுவது மாகாணப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழான தண்டப்பத்திரம். அது குற்றவியல் குற்றமன்று. அந்த அதிகாரி அதைக்கூட எழுதவில்லை. பிள்ளைகளையும் முதியவரையும் பார்த்துவிட்டு, அடுத்த வெளியேற்றத்தில் இறங்கித் திருத்தும்படி சொல்லி, அதுவரை தன் வாகனத்தைப் பின்னால் ஓட்டி வந்தார்.

அங்கிருந்த சிறு கராஜில் வயதான மெக்கானிக் ஒருவர் முகப்பின் அடியில் தலையை நுழைத்து, சோதனை விளக்கொன்றை மட்டும் வைத்துக்கொண்டு, சில நிமிடங்களில் சுவிச்சைக் கழற்றிக் கையில் கொடுத்தார். புதியது 32 டொலர், கூலி 40. நெடுஞ்சாலைக்குத் திரும்பியதும் இவர் பொத்தானை அழுத்திப் பார்த்தார். குறூஸ் உடனே பிடித்தது. என்றாலும், மொன்றியல் சேரும்வரை பெற்றோலுக்கும் தேநீருக்கும் நிறுத்திய ஒவ்வோர் இடத்திலும் எட்டு வயது மகன் இறங்கிக் காரின் பின்னால் ஓடிப்போய் நின்றானாம். தந்தை மிதிக்க, "மூண்டும் எரியுதப்பா" என்று அவன் கத்திச் சொன்ன பிறகுதான் அம்மம்மா கதவைச் சாத்த விட்டார்.